யார் மேசைக்குப் போகவேண்டிய மனு இது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களை மொத்தமாக வைத்துப் படித்தால், பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "அங்கே போனால் இங்கே போ என்கிறார்கள், இங்கே வந்தால் அங்கே போ என்கிறார்கள்." அதனால் இந்த மாதப் பக்கத்தை மத்திய அரசு, மாநில அரசு, நகராண்மைக் கழகம் மூன்றுக்கும் இடையிலான பாகப்பிரிவினைக்கே ஒதுக்கிவிட்டோம். பத்திரமே நீளமானது, ஆகவே பதில்களும் சில இடங்களில் நீளும்.

எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் ஒன்றரை கிலோமீட்டர் பாதை குண்டும் குழியும். மூன்று கவுண்டர் ஏறி இறங்கிவிட்டேன். மூன்றிலும் "எங்களுடையது இல்லை" என்றுதான் பதில். அப்படியானால் யாருடையது? – லாரி ஓட்டுநர், ஜாலோங்

மூன்று கவுண்டரிலும் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஒன்றரை கிலோமீட்டருக்குள் மூன்று பேருடைய நிலம் வருவது தோட்டப் பட்டணங்களில் சர்வசாதாரணம்.

முதலில் சாலைப் பலகையைப் பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசுச் சாலை. பட்டணத்தின் நடுவே ஓடும் பழைய ஈப்போ–கோலகங்சார் சாலை 1-ஆம் எண் கூட்டரசுச் சாலை. அதைச் செப்பனிடும் செலவு புத்ராஜெயாவின், அதாவது மத்திய அரசின், கணக்கு. எண்ணுக்கு முன்னால் 'ஏ' இருந்தால் பேராக் மாநிலச் சாலை. சிலாங்கூருக்கு 'பி', ஜொகூருக்கு 'ஜே', நெகிரி செம்பிலானுக்கு 'என்'. இந்த இரண்டு வகைக்கும் மனு போகவேண்டிய இடம் ஜே.கே.ஆர். எனப்படும் பொதுப்பணித் துறையின் மாவட்ட அலுவலகம்தான். அலுவலகம் ஒன்று, பணம் வரும் பை இரண்டு. எண்ணே இல்லாத தாமான் சாலைகள் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தவை. செம்பனைக்குள் புகுந்து போகும் சாலையோ கம்பெனியின் சொத்து. தார் போட்டிருந்தாலும், பள்ளி வேன் நாற்பது வருஷமாக ஓடினாலும், அது தனியார் நிலம்தான்.

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. மாநிலச் சாலை, உள்ளூர்ச் சாலை ஆகியவற்றின் பராமரிப்புக்காக மத்திய அரசு ஆண்டுதோறும் மாநிலத்துக்குச் சாலை மானியம் தரவேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் 'மாரிஸ்' என்ற பதிவேட்டில் ஏறிய சாலைக்கு மட்டுமே கணக்கு. அதில் இல்லாத சாலைக்கு மானியத்தில் ஒரு காசு வராது. அதனால்தான் கவுண்டரில் இருப்பவர் அந்தச் சாலையைத் தன்னுடையது என்று சொல்லத் தயங்குகிறார்.

ஆகவே "சாலை மோசம்" என்று எழுதாதீர்கள். "இந்தச் சாலை மாரிஸில் பதிவாகியிருக்கிறதா?" என்று கேட்டு எழுதுங்கள். மலாயில் ஒரு வரி போதும்: "அடாகா ஜாலான் இனி பெர்டாஃப்தார் டி பாவா மாரிஸ்?" கூடவே பாதை தொடங்கும் இடம், முடியும் இடம், பக்கத்து மின்கம்பத்தின் எண், குழியின் நீள அகலம், தேதி தெரியும் படம் வையுங்கள். ஒரே கடிதத்தில் முழுப் பாதையையும் போடாமல், பலகை மாறும் இடத்தில் துண்டு துண்டாகப் பிரித்து எழுதினால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

பதிவில்லை என்று பதில் வந்தால் இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, தாமானைக் கட்டிய மேம்பாட்டாளர் சாலையை இன்னும் முறையாக ஒப்படைக்கவில்லை. அப்போது மேம்பாட்டாளரைத்தான் நெருக்கவேண்டும், கழகத்தின் வழியாகவே. இரண்டு, அது தோட்டச் சாலை. கம்பெனி அந்தத் துண்டை மாநிலத்திடம் ஒப்படைத்து, மாநிலம் அதைச் சாலைக்கென ஒதுக்கினால்தான் பதிவேட்டில் ஏறும். கம்பெனி மறுத்தால், 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி மாநிலம் ஈடு கொடுத்து எடுக்கலாம், ஆனால் அதற்குப் பணமும் மனமும் வேண்டும். இடையில் சட்டமன்ற உறுப்பினர் தன் ஒதுக்கீட்டில் ஒருமுறை தார் போட்டுக்கொடுப்பார். நல்ல காரியம்தான். இரண்டு மழைக்காலம் தாங்கும். அதற்கும் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்பதை மறந்துவிட்டு, ரோலர் வந்து நின்ற பிறகு வேலையை நிறுத்திய கதைகள் உண்டு.

எங்கள் வீட்டு முன் லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டிருக்கிறது. எம்.பி.யைப் பார்ப்பதா, சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்பதா? – இல்லத்தரசி, தாமான் குடியிருப்பு

இருவரையும் இல்லை. வீட்டு முன் லோங்காங் நகராண்மைக் கழகத்தின் வேலை. உங்கள் வட்டாரத்துக்கு நியமிக்கப்பட்ட கழக உறுப்பினர் யார் என்று கேட்டு அவரிடம் சொல்லுங்கள். பெரிய சாலையோரக் கால்வாய் என்றால் ஜே.கே.ஆர்., ஆறும் பெரிய மழைநீர்க் கால்வாயும் என்றால் வடிகால் நீர்ப்பாசனத் துறை. சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருப்பதால், மாநில விஷயமாகப் போகும்போது சரியான கதவைத் தட்டுகிறீர்களா என்று வாக்காளர் பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நில வரியும் கட்டுகிறேன், வீட்டு வரியும் கட்டுகிறேன். ஒரே வீட்டுக்கு இரண்டு வரியா? அதிலும் வீட்டு வரி திடீரென்று ஏறிவிட்டது. – ஓய்வுபெற்ற கிராணி

ஒன்று நிலத்துக்கு, ஒன்று அந்த நிலத்தில் இருக்கும் சொத்தின் மதிப்புக்கு. 'சுக்காய் தானா' மாநில அரசுக்குப் போகிறது. நில அலுவலகம் வசூலிக்கும். ஜனவரி முதல் தேதியே கடனாகிவிடும், மே 31-க்குள் கட்டாவிட்டால் நிலுவை. 'சுக்காய் பிந்து' நகராண்மைக் கழகத்துக்கு. பிப்ரவரி கடைசி, ஆகஸ்ட் கடைசி என்று இரண்டு தவணை. கட்டாமல் விட்டால் விளைவும் வேறு வேறு. வீட்டு வரி பாக்கிக்குக் கழகம் வாரண்டோடு வந்து தளவாடங்களைக் கைப்பற்றலாம். நில வரி பாக்கிக்கு 6ஏ படிவம் என்னும் கோரிக்கை நோட்டீஸ் வரும். அது கையில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலமே மாநிலத்துக்குப் பறிமுதலாகலாம். தொகை சிறிது என்று அலட்சியம் செய்வது பெரும்பாலும் நில வரியைத்தான். ஆபத்து அதில்தான் அதிகம்.

வரி ஏறியதற்கு வருவோம். பேராக் போன்ற இடங்களில் வரி ஆண்டு மதிப்பின்மேல் போடப்படுகிறது. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 500 ரிங்கிட் கிடைக்கும் என்று கழகம் மதிப்பிட்டால், ஆண்டு மதிப்பு 6,000. விகிதம் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 600, தவணைக்கு 300. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை போகலாம் என்கிறது. நடைமுறையில் அவ்வளவு போவதில்லை. மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்பது விதி. பல இடங்களில் இருபது வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு ஒரேயடியாகப் புதுப்பிப்பதால்தான் 'திடீர்' என்று தோன்றுகிறது.

ஆட்சேபம் எழுதும்போது "விலைவாசி ஏறிவிட்டது, ஓய்வூதியத்தில் வாழ்கிறேன்" என்று எழுதினால் பயனில்லை. சட்டத்தின் 142-ஆவது பிரிவு ஏற்கும் காரணங்கள் சில மட்டுமே; அவற்றில் உங்களுக்குப் பொருந்துவது "மதிப்பு அதிகமாகப் போடப்பட்டிருக்கிறது" என்பது. அதே வரிசையில் அதே அளவு வீடு இரண்டு மூன்று என்ன வாடகைக்குப் போயிருக்கிறது என்பதற்கு வாடகை ஒப்பந்த நகல் வையுங்கள். பட்டியலைச் சீராய்வு செய்யும் தேதிக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன்பு மனு போய்ச் சேரவேண்டும். 13-ஆம் நாள் கொண்டுபோனால் கவுண்டரில் வாங்கிவைப்பார்கள், விசாரணைக்கு எடுக்கமாட்டார்கள். முடிவில் திருப்தியில்லை என்றால் உயர் நீதிமன்றம் உண்டு, ஆனால் மாதம் 20 ரிங்கிட் வித்தியாசத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஓய்வூதியக்காரருக்குச் சலுகை கேட்பது தனிக் கடிதம். அதை ஆட்சேபத்தோடு கலக்கவேண்டாம்.

வீட்டை விற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்குள் 'ஐ' படிவம் கொடுத்துப் பெயர் மாற்றாவிட்டால், வாங்கியவரின் பாக்கிக்கும் நோட்டீஸ் உங்கள் பெயரில்தான் வரும்.

தோட்டம் கைமாறப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. எங்கள் மாரியம்மன் கோயில் எண்பது வருஷத்துக் கோயில். நிலம் வாங்கித் தருவதாக மேடையில் ஒருவர் வாக்குக் கொடுத்தார். நாங்கள் இப்போது என்ன செய்யவேண்டும்? – கோயில் செயலாளர்

மேடையில் பேசியவர் மத்திய அமைச்சராகவே இருந்தாலும், நிலம் தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. நிலம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசு கோயில் கட்டப் பணம் தரலாம். அந்தக் கோயில் நிற்க ஓர் அடி நிலம் மாநில ஆட்சிக்குழுவின் முடிவில்லாமல் கிடைக்காது. இதை முதலில் நிர்வாகக் கூட்டத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாதிக் கோயில்கள் தவறான ஆளிடம் நல்ல மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கின்றன.

வரிசையாகப் பார்ப்போம். லாட் எண்ணையும் முக்கிமையும் (மாவட்டத்தின் உட்பிரிவு) தெரிந்துகொண்டு நில அலுவலகத்தில் 'காரியான்' எடுங்கள், அதாவது நிலப்பதிவைத் தேடிப் பார்ப்பது. கோயில் தோட்டத்து நிலத்தில்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்; தேடிப் பார்த்தால் பாதி மண்டபம் சாலை ஒதுக்கீட்டிலோ ஆற்றோர ஒதுக்கீட்டிலோ இருக்கும். ரயில் பாதை ஓரத்துக் கோயில் என்றால் நிலம் மத்திய அரசின் ரயில்வே சொத்துக் கழகத்தின் பெயரில் இருக்கலாம். அப்போது மாநிலத்துக்கு எழுதிப் பயனில்லை. யார் பெயரில் நிலமோ அவரிடம்தான் பேச்சு.

அடுத்து, சங்கப் பதிவு. இது மத்திய அரசின் கையில், சங்கங்களின் பதிவதிகாரியிடம். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போகவேண்டும். மூன்று வருஷமாக அனுப்பாமல், இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, பதிவு ரத்தாகிக் கிடக்கும் கோயிலின் நில விண்ணப்பத்தை நில அலுவலகம் தொடாது. நிலம் கிடைக்காமல் போன கோயில்களில் பலவற்றுக்குக் காரணம் அரசாங்கம் அல்ல, கணக்கு முடிக்காத பொருளாளர். கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது, விற்பனை. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி மாநிலத்திலுள்ள தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு போடப்பட்டுப் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். வாரியத்துக்கு விண்ணப்பம் போயிருக்கும்போதே, கோயில், இடுகாடு, பள்ளி மூன்றும் நிற்கும் இடங்களைக் குறித்த வரைபடத்தோடு கடிதம் கொடுத்துவிடுங்கள். விற்பனை முடிந்தபிறகு கொடுக்கும் கடிதத்துக்குப் பலம் குறைவு.

புது முதலாளி வீடமைப்புக்காக வாங்கினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற அவர் மாநிலத்திடம் வரவேண்டும், மாநிலத்துக்குப் பிரீமியம் கட்டவேண்டும், திட்ட அனுமதி வாங்கவேண்டும். வருமான வரியும் சுங்கவரியும் மத்திய அரசுக்குப் போய்விடுவதால், மாநிலத்துக்குச் சொந்தமாக வரும் பெரிய வரவுகளில் இந்த நில வரவும் ஒன்று. தோட்டம் தாமானாக மாறுவதில் மாநிலத்துக்கு ஏன் ஆர்வம் என்று இனி கேட்கவேண்டாம். ஆனால் அந்தக் கட்டத்தில்தான் "வரைபடத்தில் வழிபாட்டுத் தலத்துக்கு இத்தனை சதுர அடி" என்று போடவைக்க முடியும். மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் உண்டு. அந்த அறிவிப்பை நம் ஆட்கள் பார்ப்பதே இல்லை. கோயில் நிர்வாகத்தில் மலாய் நாளிதழ் படிக்கும் இளைஞர் ஒருவருக்கு இதையே வேலையாகக் கொடுங்கள்.

மாநில நிலத்துக்கு விண்ணப்பிப்பது என்றால், படிவத்தோடு இட வரைபடம், சங்கப் பதிவுச் சான்று, சட்டவிதி, நிர்வாகப் பட்டியல், தீர்மானம் நிறைவேறிய கூட்டக் குறிப்பு, வங்கிக் கணக்கு நகல் எல்லாம் நில அலுவலகத்தில் போகும். அவர்கள் ஜே.கே.ஆர்., வடிகால் துறை, நகர்ப்புறத் திட்டத் துறை, நகராண்மைக் கழகம் என்று ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்பார்கள். பைல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு துறை பதில் போடாவிட்டாலும் மொத்தமும் நிற்கும். "எங்கள் பைல் என்ன ஆயிற்று?" என்று கேட்காதீர்கள், "எந்தத் துறையின் கருத்து இன்னும் வரவில்லை?" என்று கேளுங்கள், பிறகு அந்தத் துறைக்கு நேரே போங்கள். கருத்துகள் சேர்ந்ததும் மாநில முதல்வரான மந்திரி புசார் தலைமையிலான ஆட்சிக்குழுவுக்குப் போகும்.

ஆட்சிக்குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பொங்கல் வைத்துப் படையல் போடுகிறார்கள். பொறுங்கள். அடுத்து 5ஏ படிவம் வரும். பிரீமியம், முதலாண்டு நில வரி, நில அளவைக் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும், கட்டவேண்டிய கெடுவும் இருக்கும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் ஒப்புதல் தானாகவே காலாவதி. மறுபடி முதலிலிருந்து. தொகை அதிகமாக இருந்தால் கெடு முடிவதற்குள் குறைப்புக் கேட்டு எழுதவேண்டும், முடிந்தபிறகு அல்ல. பட்டா சங்கத்தின் பெயரில் வரவேண்டும்; "தற்போதைக்குத் தலைவர் பெயரில் இருக்கட்டும்" என்பதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தலைவர் காலமானால் கோயில் அவர் பிள்ளைகளின் சொத்துத் தகராறாகிவிடும்.

பட்டாவுக்குப் பதில் எல்.பி.எஸ். என்னும் தற்காலிக உரிமம் கொடுத்தால் அது என்ன என்று தெரிந்து வாங்குங்கள். ஆண்டு முடிவோடு அதன் ஆயுள் முடியும், புதுப்பிக்கவேண்டும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. தனி ஆள் பெயரில் இருந்தால் அவர் இறந்ததும் தீர்ந்தது. அதை நம்பி கோபுரம் எழுப்புவது புத்திசாலித்தனம் இல்லை. பட்டாவே வந்தாலும் கட்டட வரைபடத்துக்கு நகராண்மைக் கழகம் தனியாக அனுமதி தரவேண்டும். சங்கம் மத்தியில், நிலம் மாநிலத்தில், செங்கல் கழகத்தில் என்று அம்மன் மூன்று வாசல் ஏறவேண்டியிருக்கிறது.

இத்தனை செம்பனை லாரி ஓடுகிறது. அந்தப் பணத்தில் எங்கள் ஊருக்கு என்ன வருகிறது? – மளிகைக் கடைக்காரர்

கம்பெனியின் வருமான வரி 24 விழுக்காடு, செம்பனை எண்ணெய் ஏற்றுமதி வரி, விலை உச்சத்தில் இருக்கும்போது போடும் மிகைலாப வரி எல்லாம் மத்திய அரசுக்கு. தோட்டத்து நில வரி மாநிலத்துக்கு. சொத்தின் மீதான மதிப்பீட்டு வரி மட்டும் கழகத்துக்கு. லாரி உடைத்துவிட்டுப் போகும் தார் மட்டும்தான் முழுமையாக உங்கள் ஊருக்கு. மத்திய அரசு, தலைக்கு இவ்வளவு என்ற மானியமாகவும் சாலை மானியமாகவும் மாநிலத்துக்குக் கொஞ்சம் திருப்பித் தருகிறது. அதிலிருந்து சொட்டுவது ஊருக்கு.

தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கியும் புதுக் கட்டடம் எழும்பவில்லையே, ஏன்? – பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர்

கல்வி மத்தியப் பட்டியல், நிலம் மாநிலப் பட்டியல். பல தோட்டப் பள்ளிகளில் நிலம் இரண்டு அரசுக்குமே சொந்தமில்லை, கம்பெனியின் பெயரில் இருக்கிறது. பகுதி உதவி பெறும் பள்ளி என்று சொல்வது பெரும்பாலும் இத்தகையவற்றைத்தான். ஆசிரியர் சம்பளம் முழுக்க அரசாங்கம் கொடுக்கும். தனியார் நிலத்தில் அரசுப் பணத்தில் மூன்று மாடி எழுப்புவதற்கு முன்னால் கருவூலம் ஆயிரம் கேள்வி கேட்கும், கேட்பதும் சரிதான்.

அதனால் பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன்னால் நிலம் தீர்ந்ததா என்று கேளுங்கள். கம்பெனி பள்ளித் துண்டைப் பிரித்து எழுதிக்கொடுப்பது ஒரு வழி. மாநிலம் வேறிடத்தில் நிலம் தருவது இன்னொரு வழி. மத்திய அரசுத் தேவைக்கு நிலம் வேண்டும் என்று மாநிலத்திடம் கேட்க அரசமைப்புச் சட்டத்தின் 83-ஆவது பிரிவிலும் இடமுண்டு, விலை கொடுத்து. பிள்ளைகள் தாமானுக்குக் குடிபெயர்ந்துவிட்ட இடங்களில் இரண்டாவது வழிதான் நடைமுறைக்கு ஏற்றது. பள்ளி வாரியம் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளி வாரியத்துக்கும் மலாயில் எல்.பி.எஸ். என்றுதான் சுருக்கம், தற்காலிக நில உரிமத்துக்கும் அதே எழுத்துகள். ஒரே கூட்டத்தில் இரண்டையும் பேசும்போது கூட்டக் குறிப்பில் விரித்து எழுதிவிடுங்கள்.

எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறோம், சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். குப்பை அள்ளும் கழகத்துக்கு மட்டும் ஏன் ஓட்டு இல்லை? – கல்லூரி மாணவி

முன்பு இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965 மார்ச்சில் 'தற்காலிகமாக' நிறுத்தினார்கள். அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. ஊராட்சி மன்றங்களின் குறைபாடுகளை ஆராய்ந்த அந்த ஆணையம், 1968-இல் கொடுத்த அறிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடரவேண்டும் என்றது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு உள்ளாட்சித் தேர்தல் பற்றிய விதிகளையெல்லாம் ஒரே வரியில் செல்லாததாக்கிவிட்டது. தமிழர் ஒருவர் தலைமையில் எழுதப்பட்ட, இந்நாட்டு உள்ளாட்சியைப் பற்றிய முக்கியமான ஆவணம் அது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயர்கூடத் தெரிவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஒன்பதாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 'உள்ளாட்சித் தேர்தல்' என்ற சொல் இன்னமும் இருக்கிறது. அதை நம்பித்தான் பினாங்கு 2012-இல் தனிச் சட்டம் போட்டது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. சட்டம் சீராக இருக்கவேண்டும் என்பதற்காக, மாநிலப் பட்டியலில் உள்ள நிலம், உள்ளாட்சி போன்றவற்றுக்கும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்று 76-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. மாநிலச் சட்டம் அதோடு முரண்பட்டால் மத்தியச் சட்டம்தான் நிற்கும். பட்டியலில் பெயர் இருப்பதும் கையில் அதிகாரம் இருப்பதும் ஒன்றல்ல.

இப்போது கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது: எட்டுக்குக் குறையாமல், 24-க்கு மிகாமல், ஒருமுறைக்கு மூன்றாண்டு வரை. ஓட்டு இல்லாவிட்டாலும் இரண்டு உரிமை உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை. கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது. மூடுவதென்றால் தீர்மானம் போடவேண்டும். கூட்டக் குறிப்பை வரி கட்டும் எவரும் அலுவலகத்தில் பார்க்கலாம், கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். ஒருமுறை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். உள்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. முடிவுகள் அங்கே பழுத்துவிட்டுத்தான் முழுக் கூட்டத்துக்கு வரும் என்பதால், போவதற்கு முன் முந்தைய மாதக் குறிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

பாஹாவில் இருக்கும் என் அக்கா வீட்டில் வேறு மாதிரி லாரி, வேறு மாதிரித் தொட்டி. எங்களுக்கு ஏன் அப்படி இல்லை? – தையல்காரர்

2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வந்தபோது அக்காவின் பாஹாவ் இருக்கும் நெகிரி செம்பிலான் சேர்ந்தது, பேராக் சேரவில்லை. சேர்ந்த மாநிலங்களில் குப்பை மத்திய அரசின் திடக்கழிவுக் கழகத்தின்கீழ் ஒப்பந்த நிறுவனத்திடம் போய்விட்டது: வாரம் இரண்டு முறை வீட்டுக் குப்பை, ஒருமுறை மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமான்களும். சேராத மாநிலத்தில் நகராண்மைக் கழகமே அள்ளும், அல்லது குத்தகைக்கு விடும். எனவே அக்கா புகார் செய்யும் எண்ணை வாங்கி நீங்கள் அழைத்தால் பயனில்லை.

லயத்து வீட்டில் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை. தண்ணீர் வாரியத்தில் புகார் கொடுத்தால், "உங்கள் பெயரில் மீட்டரே இல்லை" என்கிறார்கள். – தோட்டத் தொழிலாளி

பல தோட்டங்களில் மீட்டர் வாசலில் ஒன்றுதான், கம்பெனியின் பெயரில். அந்த மீட்டர் வரை நீர் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு உள்ளே ஓடும் குழாய், தொட்டி, மோட்டார் எல்லாம் தோட்டத்தின் பொறுப்பு. முதலில் மீட்டருக்கு முன்னால் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். தோட்ட ஆபீஸ் குழாயில் வருகிறது, லயத்தில் வரவில்லை என்றால் கோளாறு உள்ளே.

உள்ளே என்றால் போகவேண்டியது மாநிலத்துக்கோ கழகத்துக்கோ அல்ல, மத்திய அரசின் தொழிலாளர் துறைக்கு. 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், தோட்ட முதலாளி குடியிருப்புக்கு இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் தரவேண்டும், வீட்டைப் பழுது பார்க்கவேண்டும் என்கிறது. மண்டோரிடம் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அந்த நகலோடு, எத்தனை வீடு, எந்தத் தேதியிலிருந்து, லாரியில் தண்ணீர் கொடுத்தார்களா என்ற விவரத்தை வைத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுங்கள். உங்கள் வரிசையில் வேலையை விட்டு நின்றவர்களும் குடியிருந்தால், மனுவின் முதல் பெயர் இப்போது செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் பதிவேடு) உள்ளவருடையதாக இருக்கட்டும். அந்தச் சட்டம் பாதுகாப்பது வேலையில் இருப்பவரையும் அவரை நம்பியிருப்பவரையும்தான். ஓய்வுபெற்றவர் முதல் கையெழுத்துப் போட்டால், தண்ணீர்ப் புகார் வீட்டைக் காலி செய்யும் பேச்சாகத் திரும்பிவிடும்.